சி3டபிள்யூ டி.வி.: வால்வு நல்ல வால்வுதான், உள்ளே போடும் ரப்பர்தான் தலைவலி

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பொறுமை இல்லாதவர்கள் இத்தோடு கிளம்பலாம். சரக்கு ரயில் வேகன்களுக்கு அடியில் இருந்து பிரேக்கைப் பிடிக்கவும் விடவும் வைக்கும் சி3டபிள்யூ டிஸ்ட்ரிபியூட்டர் வால்வு (டி.வி.) நல்ல சாமான். ஒழுங்காக ஓவரால் செய்து, அதாவது முழுசாகக் கழற்றிச் சுத்தம் செய்து, மாட்டினால் அடுத்த பி.ஓ.எச். (வேகனுக்குக் காலமுறைப்படி நடக்கும் பெரிய ஓவரால்) வரைக்கும் அதைத் திரும்பிப் பார்க்க வேண்டிய வேலை பெரும்பாலும் வராது. அதே வால்வுக்குள் மட்டமான ரப்பர் கிட்டை (மாற்று ரப்பர் பாகங்களின் தொகுப்பு) போட்டு மூடினால், டெஸ்ட் பெஞ்சில் சிரித்துக்கொண்டே பாஸ் ஆகிவிட்டு, யார்டில் போய் கழுத்தறுக்கும். என் விமர்சனம் இவ்வளவுதான். மிச்சமெல்லாம் ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்கான விளக்கம்.

டிப்போவில் யாரும் முழுப் பெயரைச் சொல்வதில்லை, டி.வி. என்றால் போதும். நான் சரக்கு வேகன் டிப்போ ஒன்றில் ஏர் பிரேக் செக்‌ஷனில் வேலை பார்த்தவன். ஆர்.ஓ.எச். (வழக்கமான சின்ன ஓவரால்) லைனிலும் இருந்திருக்கிறேன், டி.வி. ரூமிலும் உட்கார்ந்திருக்கிறேன். இது யாரும் கடைக்குப் போய் வாங்கும் பொருள் இல்லை என்பது தெரியும். ஆனால் புதிதாக அப்ரண்டிஸ் சேரும் பையன்கள் 'அண்ணே, இதுல எது நல்ல டி.வி., எது மோசம்' என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், மேனுவலில் அந்தக் கேள்விக்கு பதில் கிடையாது. லக்னோவில் இருக்கும் ரயில்வே ஆராய்ச்சி அமைப்பு ஆர்.டி.எஸ்.ஓ. போட்ட ஜி-97 மேனுவல் எப்படிக் கழற்றுவது, எப்படி டெஸ்ட் செய்வது என்றெல்லாம் சொல்லும், எதை நம்பலாம் என்று சொல்லாது. அந்த இடத்தை நிரப்பத்தான் இதை எழுதுகிறேன்.

பின்னணி தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். நம் நாட்டுச் சரக்கு ரயில்களுக்கு ஏர் பிரேக் பரவலாக வந்தது 1980-களில், மேலே திறந்த பாக்ஸ்என் வேகன்களோடு. அதுவரை வேக்குவம். வேக்குவத்தில் எவ்வளவு உறிஞ்சினாலும் ஒரு வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் வித்தியாசம் கிடைக்காது, நடைமுறையில் 510 மில்லிமீட்டர் பாதரசம்தான். அதனால் சிலிண்டர் பெரிசு, கனம், வண்டி நீளமானால் கடைசி வேகனுக்கு பிரேக் போய்ச் சேர நேரமும் ஆகும். ஏர் பிரேக்கில், வண்டி நீளம் முழுக்க ஓடும் பிரேக் பைப்பில் 5 கிலோ காற்று. சதுர சென்டிமீட்டருக்கு என்று சேர்த்துச் சொல்ல வேண்டும், ஆனால் யார்டில் யாரும் சொல்வதில்லை, நானும் சொல்லப் போவதில்லை. ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1872-இல் டிரிப்பிள் வால்வைக் கொண்டுவந்தபோது போட்ட அடிப்படைதான் இன்றும்: பைப்பில் காற்று நிறைந்திருந்தால் பிரேக் விடும், குறைந்தால் பிடிக்கும், வண்டி இரண்டாக அறுந்து, வேகன்களுக்கு நடுவே பைப்பை இணைக்கும் ஹோஸ் பிய்ந்துபோனாலும் பிடிக்கும். காற்று குறைந்ததைப் பார்த்து 'இப்போது பிடி, இவ்வளவு பிடி' என்று ஒவ்வொரு வேகனிலும் முடிவு எடுப்பது டி.வி.யின் வேலை.

சி3டபிள்யூ அதை எப்படிச் செய்கிறது என்பது எனக்கு இன்றும் பிடித்த விஷயம். வால்வோடு சேர்ந்து 6 லிட்டர் கண்ட்ரோல் ரிசர்வாயர் (காற்றுத் தொட்டி) ஒன்று இருக்கும், அதில் 5 கிலோ காற்று அடைபட்டு நிற்கும். அது பிரேக் பிடிக்கும் காற்று இல்லை, அளவுகோல் மட்டும். பிரேக் பிடிக்கும் காற்று 100 லிட்டர் ஆக்ஸிலரி ரிசர்வாயரில் தனியாக இருக்கிறது. மெயின் வால்வில் ஒரு பெரிய டயாஃப்ரம் (ரப்பர் சவ்வு), ஒரு பக்கம் கண்ட்ரோல் ரிசர்வாயர், மறுபக்கம் பிரேக் பைப். டிரைவர் பைப்பில் காற்றைக் குறைத்ததும் தராசுத் தட்டு மாதிரி ஒரு பக்கம் சாய்கிறது, ஆக்ஸிலரியில் இருந்து, பிரேக்கை அழுத்தும் பிரேக் சிலிண்டருக்கு வழி திறக்கிறது. சிலிண்டரில் ஏறும் அழுத்தம் இன்னொரு சின்ன டயாஃப்ரத்தைத் தள்ளி, போதும் என்ற இடத்தில் வழியை மூடிவிடும். டிரைவர் குறைத்த அளவுக்கு ஏற்ற பிரேக், அதற்கு மேல் இல்லை. பைப்பில் இருக்கும் 5 கிலோவில் ஒன்றரை கிலோவைக் குறைத்தால் முழு பிரேக். அதற்கு மேலும் குறைத்தாலும் லிமிட்டிங் டிவைஸ் சிலிண்டர் அழுத்தத்தை 3.8 கிலோவில் நிறுத்திவிடும். இத்தனையும் கரண்ட் இல்லாமல், எலக்ட்ரானிக்ஸ் இல்லாமல், மழையிலும் நிலக்கரித் தூசியிலும் நடக்கிறது.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, அதைத்தான் நான் பையன்களுக்கு முதலில் காட்டுவேன். ரேக் (கோத்த வேகன் வரிசை) முழுக்க எங்கேயாவது கொஞ்சம் காற்று கசிந்துகொண்டே இருக்கும், 58 வேகன் கோத்த வண்டியில் அது தவிர்க்க முடியாதது. அந்தக் கசிவுக்கெல்லாம் பிரேக் பிடித்தால் வண்டி நகராது. அதே சமயம் டிரைவர் மெதுவாகக் குறைத்தாலும் கவனிக்காமல் இருக்கக் கூடாது. அதனால் விதி இப்படி: நிமிடத்துக்கு 0.3 கிலோ என்று மெல்ல இறங்கினால் டி.வி. அசையக் கூடாது, 6 வினாடியில் 0.6 கிலோ இறங்கினால் கட்டாயம் பிடிக்க வேண்டும். நல்ல நிலையில் இருக்கும் சி3டபிள்யூ இந்த இரண்டுக்கும் நடுவே எப்போதும் சரியாக முடிவெடுக்கும். ஓவராலுக்குப் பிறகு இந்த இரண்டு டெஸ்டிலும் தயங்கித் தயங்கி பாஸ் ஆகும் வால்வை நான் அனுப்பவே மாட்டேன், மேஜையில் பக்கத்தில் வைத்துவிடுவேன்.

வேகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பயணிகள் பெட்டியில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள் 'ஏன் இது இவ்வளவு ஸ்லோ' என்பார்கள். பெட்டியில் 3 முதல் 5 வினாடியில் சிலிண்டர் நிறையும். சரக்கு வேகனில் 18 முதல் 30 வினாடி, விடுவதற்கு 45 முதல் 60 வினாடி. வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். அறுநூறு மீட்டருக்கு மேல் நீளமான வண்டியில் முன் வேகன்கள் சட்டென்று பிடித்துவிட்டால் பின்னால் வரும் ஆயிரக்கணக்கான டன் வந்து முட்டும், வேகன்களைக் கோக்கும் கப்ளர் தாங்காது. அந்த நேரத்தைத் தீர்மானிப்பது வால்வுக்குள் இருக்கும் சின்னச் சின்னத் துளைகள், சோக் என்போம். இந்த சோக்குகளைப் பற்றிக் கீழே திட்டப் போகிறேன், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பிரேக்கைப் படிப்படியாக விடுவதும் இதன் பெரிய பலம். அமெரிக்கச் சரக்கு வண்டிகளில் இருக்கும் வால்வு வேறு ரகம், டிரைவர் விட ஆரம்பித்தால் முழுசாக விட்டுவிடும், பாதி விட்டுப் பாதி வைத்துக்கொள்ள முடியாது. அங்கே வண்டிகளின் நீளத்துக்கு அது சரி. கர்நாடகாவில் காசில்ராக்கில் இருந்து கோவாவில் குலேம் வரை இறங்கும் பிரகான்சா காட் சரிவு 37 மீட்டருக்கு 1 மீட்டர் இறக்கம், அங்கே நிரம்பிய வண்டியை இறக்குகிறவரிடம் கேளுங்கள், கொஞ்சம் விட்டு, கொஞ்சம் பிடித்து இறங்குவதன் அருமை என்ன என்று சொல்வார்.

சரி, குறைகளுக்கு வருகிறேன். முதல் குறை வால்வின் குறை என்று சொல்வதா, அந்த வகையின் குணம் என்று சொல்வதா தெரியவில்லை. கண்ட்ரோல் ரிசர்வாயர் அளவுகோல் என்றேன் இல்லையா, அந்த அளவுகோலே தப்பாகிவிடும். ஒரு இன்ஜின் பைப்பில் 5 கிலோவுக்குப் பதில் கொஞ்சம் கூடுதலாக ஏற்றிவிட்டால், எல்லா வேகனின் கண்ட்ரோல் ரிசர்வாயரிலும் அந்தக் கூடுதல் போய் உட்காரும். அடுத்த ஸ்டேஷனில் இன்ஜின் மாறும், புது இன்ஜின் சரியாக 5 கிலோதான் கொடுக்கும். டி.வி.யின் கண்ணுக்கு பைப்பில் காற்று குறைவாகத் தெரியும், பிரேக் லேசாகப் பிடித்தபடியே நிற்கும். அப்புறம் என்ன, ரேக்கின் நீளம் முழுக்க நடந்து ஒவ்வொரு வேகனாக ரிலீஸ் ஹேண்டிலை இழுத்து கண்ட்ரோல் ரிசர்வாயர் காற்றை வெளியேற்ற வேண்டும். மே மாத மத்தியானத்தில் ஜல்லி மேல் அந்த நடை நடந்தவர்களுக்கு வேறு விளக்கம் தேவையில்லை. இதைக் கவனிக்காமல் வண்டியை எடுத்தால் பிரேக் பைண்டிங் (பிரேக் விடாமல் உரசுவது), சக்கரம் சூடேறிப் புகை, நடுவழியில் நிறுத்தம். இதில் அநியாயம் என்னவென்றால் ரிப்போர்ட்டில் 'டி.வி. டிஃபெக்டிவ்' என்று எழுதி, ஒரு குற்றமும் செய்யாத வால்வைக் கழற்றி எங்களிடம் அனுப்புவார்கள். பெஞ்சில் மாட்டிப் பார்த்தால் எல்லா டெஸ்டும் பாஸ்.

அந்த ரிலீஸ் ஹேண்டிலை வேகனின் இரு பக்கமும் இருந்து இழுக்கக் கம்பி இருக்கும். வால்வில் இருக்கும் பகுதி உறுதி, கம்பிதான் சோகம். வளைந்துபோய், எங்கேயோ உரசி, இழுத்தால் திரும்பி வராமல் மாட்டிக்கொள்ளும். வேகனைப் பார்த்தவுடன் அந்தக் கம்பியை ஒரு இழுப்பு இழுத்து விட்டுப் பாருங்கள், தானாகத் திரும்பி வர வேண்டும்.

இனி ஓவரால். என் மனக்குறை முழுக்க இங்கேதான்.

வால்வை வேகனில் இருந்து எடுப்பது சுலபம், இந்த அமைப்பில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் அது. பைப் எல்லாம் காமன் பைப் பிராக்கெட்டில் முடிகிறது, பிராக்கெட் வேகனோடு நிரந்தரமாக நிற்கும், வால்வை மட்டும் நட்டு கழற்றி எடுத்துவிடலாம், ஒரு பைப்பையும் தொட வேண்டாம். எடுத்தவுடன் திறந்த வாய்களை மூட வேண்டும். வெளியே இருக்கும் அழுக்கை மூடிய நிலையில்தான் சுத்தம் செய்ய வேண்டும், திறந்துவிட்டு பிரஷ் போட்டால் வெளியே இருந்த மண் உள்ளே போகும், நீங்கள் செய்த வேலை அதுதான். பிறகு ஃபிக்ஸ்சரில் மாட்டிக் கழற்றி, உலோகப் பாகங்களை மண்ணெண்ணெயில் கழுவி, காற்றடித்து உலர்த்துவது. இங்கே கவனம்: ரப்பர் எதையும் மண்ணெண்ணெய் பக்கம் கொண்டுபோகாதீர்கள், ஊதிப்போகும். பழைய ரப்பரைத்தான் தூக்கிப்போடப் போகிறோமே என்பீர்கள், சரிதான், ஆனால் ஒட்டவைத்த ரப்பர் சீட் இருக்கும் பாகங்களையும் சேர்த்து டப்பாவில் முக்கி எடுக்கும் கைகளை நான் பார்த்திருக்கிறேன்.

சோக் அடைத்திருந்தால் காற்றடித்துத்தான் எடுக்க வேண்டும். கம்பி விட்டுக் குத்தக் கூடாது. குத்தினால் அடைப்பு போய்விடும், கூடவே துளையும் ஒரு மயிரிழை பெரிதாகிவிடும். அந்த மயிரிழைதான் 18 வினாடிக்கும் 12 வினாடிக்கும் உள்ள வித்தியாசம். இப்படிக் குத்துப்பட்ட வால்வு டெஸ்டில் ஃபெயில் ஆனால்கூடப் பரவாயில்லை, சில சமயம் விளிம்பில் பாஸ் ஆகிவிடும், அது இன்னும் மோசம். சுத்தம் செய்யத் தெரியாத ஒருவர் கையில் பின்னூசி இருப்பதைப் பார்த்தால் எனக்கு இன்றும் ரத்தம் கொதிக்கும்.

ஸ்பிரிங் எல்லாவற்றையும் அளந்து பார்க்க வேண்டும், வால்வு உட்காரும் சீட்டில் கீறல் இருந்தால் லேப்பிங் செய்ய, அதாவது தேய்த்துச் சமமாக்க, வேண்டும். இதில் சொல்ல ஒன்றும் இல்லை, பொறுமை இருந்தால் வரும் வேலை.

ரப்பர் கிட். பி.ஓ.எச்.சில் வரும் வால்வுக்குப் பழைய ரப்பர் எப்படி இருந்தாலும் எல்லாவற்றையும் மாற்றிவிட வேண்டும் என்பதுதான் முறை, நல்ல முறையும்கூட. சிக்கல், புதிதாக வரும் கிட் பழைய ரப்பரை விட மோசமாக இருக்கும்போது. எங்களுக்கு ஒரு முறை வந்த லாட்டில் பெரிய டயாஃப்ரத்தின் ஓரத்தில் அச்சில் பிதுங்கிய விளிம்பைக்கூட வெட்டாமல் அனுப்பியிருந்தார்கள். யார் சப்ளை என்று சொல்லப் போவதில்லை, அது இங்கே முக்கியமும் இல்லை. டயாஃப்ரம் வெறும் ரப்பர் இல்லை, உள்ளே துணி வைத்து வார்த்தது. அந்தத் துணி ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தால் வெளியே இருந்து கண்ணுக்குத் தெரியாது. நான் செய்வது, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து மெதுவாக இழுத்துப் பார்ப்பேன், ஒரு இடத்தில் மட்டும் கூடுதலாக நீண்டால் ஓரமாக வைத்துவிடுவேன். இது மேனுவல் முறை கிடையாது, என் பழக்கம், யாரும் பின்பற்ற வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

மெயின் டயாஃப்ரம் ஓட்டையானால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தால் ஏன் இவ்வளவு அலட்டுகிறேன் என்று புரியும். கண்ட்ரோல் ரிசர்வாயர் காற்றும் பைப் காற்றும் கலந்துவிடும், தராசின் இரண்டு பக்கமும் எப்போதும் ஒன்று, டிரைவர் எவ்வளவு குறைத்தாலும் அந்த வேகன் பிரேக் பிடிக்காது. ஓட்டை இல்லாமல் கண்ட்ரோல் ரிசர்வாயர் பக்கம் ஒரு ஓ-ரிங்கில் (ரப்பர் வளையம்) மட்டும் மெல்லிய கசிவு என்றால் இன்னும் தந்திரமானது. பிரேக் பிடிக்கும், எல்லாரும் பார்க்கும்போது ஒழுங்காகப் பிடிக்கும், அப்புறம் அளவுகோல் மெல்ல இறங்க இறங்க, பிடித்த பிரேக் யாரும் சொல்லாமலே விட்டுக்கொண்டு வரும். யார்டில் அவசரமாகப் பார்ப்பவர் கண்ணில் இது படாது. பிரேக் போட்டுவிட்டுக் காத்திருந்து பார்த்தால்தான் தெரியும். அந்தக் காத்திருப்புதான் இப்போதெல்லாம் யாருக்கும் இல்லை.

கிட் வாங்கி வைக்கும் இடமும் முக்கியம். ரப்பருக்கு ஆயுள் உண்டு, பாக்கெட்டில் தயாரித்த மாதமும் வருடமும் போட்டிருக்கும், பழையதை முதலில் எடுக்க வேண்டும். நம் ஊர் வெயிலில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஸ்டோரில், மேல் தட்டில் வைத்த கிட் தேதிக்கு முன்பே கிழடாகிவிடும். ஓ-ரிங்கை ஆணியில் மாட்டித் தொங்கவிடும் பழக்கம் இன்னும் இருக்கிறது, தொங்கின இடத்தில் அது நீண்டு வடிவம் மாறிப்போகும். பாக்கெட்டை மாட்டுகிற நேரத்தில்தான் பிரிக்க வேண்டும், சிலிகான் கிரீஸ் லேசாகத் தடவினால் போதும், அள்ளிப் பூசினால் அந்தக் கிரீஸே தூசியைப் பிடித்துக்கொண்டு போய் சோக்கில் சேர்க்கும்.

அடுத்து டெஸ்ட். டி.வி. ரூமில் இருக்கும் பெஞ்சில் காற்று சுத்தமாக, ஈரமில்லாமல் வரும், அதிர்வு இல்லை, வெயில் இல்லை. அங்கே பாஸ் ஆவது தேவை, ஆனால் அது மட்டும் போதும் என்று நினைக்கக் கூடாது. வேகனில் மாட்டிய பிறகு சிங்கிள் வேகன் டெஸ்ட் ரிக்கை இணைத்துப் பார்ப்பதுதான் உண்மையான பரிட்சை. சக்கரம் வைத்த வண்டி மாதிரி ஒரு கருவி, ரெகுலேட்டர், கேஜ், காக் எல்லாம் அதிலேயே இருக்கும். இந்தக் கருவிக்கு நான் வால்வை விடக் கூடுதல் மார்க் கொடுப்பேன். வால்வு, பைப், ரிசர்வாயர், சிலிண்டர் எல்லாம் சேர்ந்து எப்படி நடந்துகொள்கிறது என்று அது ஒன்றுதான் காட்டும். உதாரணமாக, பிரேக் சிலிண்டர் கசிவு 5 நிமிடத்தில் 0.1 கிலோவுக்கு மேல் இருக்கக் கூடாது. 355 மில்லிமீட்டர் சிலிண்டரின் பாக்கிங் கிழிந்திருந்தால் அங்கே தெரிந்துவிடும், டி.வி.யைப் பழி சொல்ல வேண்டாம். ஒரே ஒரு நிபந்தனை, கேஜ் கேலிப்ரேஷன் தேதி தாண்டாமல் இருக்க வேண்டும். பொய் சொல்லும் கேஜோடு பரிட்சை வைப்பதற்குப் பதில் சோப்புத் தண்ணீரும் காதுமே மேல்.

டி.வி. மேல் வரும் புகாரில் நிறைய, அதற்கு முன்னால் இருக்கும் டர்ட் கலெக்டரின் புகார். பைப்பில் வரும் துருவும் தூசியும் வால்வுக்குள் போகாமல் அங்கே தங்க வேண்டும் என்று வைத்தது. எண்ணூரில் இருந்து மேட்டூருக்கு நிலக்கரி ஏற்றி ஓடும் மாதிரியான ரேக்கில் ஹோஸைக் கழற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கரி உள்ளே போகும். எங்கள் செக்‌ஷனில் ஒரு மூத்த ஃபிட்டர் இருந்தார், பையன்கள் ஸ்பேனரோடு டி.வி. பக்கம் போனாலே குரல் கொடுப்பார்.

"தம்பி, மொதல்ல டர்ட் கலெக்டரைத் தொறந்து பாத்தியா?"

"பாத்தேண்ணே, ஒண்ணும் இல்ல."

"பாத்தியா, கழட்டித் தட்டினியா?"

தட்டினால் ஒரு கைப்பிடி விழும். அதன் பிறகு டி.வி. ஒழுங்காகச் சார்ஜ் ஆகும், கழற்ற வேண்டிய வேலையே இருக்காது. பைப்பில் ஈரம் வருவதும் இதே வரிசை. ஏர் டிரையர் வைத்த இன்ஜின்கள் வந்த பிறகு இது குறைந்திருக்கிறது. டிரையர் சரியாக வேலை செய்யாத இன்ஜினுக்குப் பின்னால் ஓடிய ரேக்கைத் திறந்து பார்த்தால் வித்தியாசம் தெரியும், ரிசர்வாயர் டிரெயின் பிளக்கைத் தளர்த்தினால் பழுப்புத் தண்ணீர் வரும்.

இன்னொரு ரக டி.வி.யான கே.ஈ. எப்படி, அதை எடுக்கலாமா என்று கேட்பார்கள். கே.ஈ. என்பது ஜெர்மன் கம்பெனி க்னோர்-பிரெம்ஸே வழி வந்த வடிவமைப்பு. அதுவும் நல்ல வால்வு. பிராக்கெட் பொது என்பதால் இரண்டில் எதை வேண்டுமானாலும் மாட்டலாம், டெஸ்ட் அளவுகளும் ஒன்றே, ஒரே ரேக்கில் கலந்து ஓடுவதால் டிரைவருக்கு வித்தியாசமே தெரியாது. எனக்கு சி3டபிள்யூ கை பழகிப்போனது, அதனால் அதைத்தான் சொல்வேன், இதில் நியாயம் ஒன்றும் கிடையாது. டிப்போவில் இரண்டும் இருந்தால் கிட்டுகளைத் தனித்தனி அலமாரியில் வையுங்கள், அது மட்டும் போதும். பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் ஓ-ரிங் மாறிப் போய் உட்கார்ந்து செய்யும் அட்டகாசத்துக்கு அளவு கிடையாது.

டி.வி.க்குப் பின்னால் இருப்பவற்றில்தான் மாற்றம் அதிகம். பழைய பாக்ஸ்என்னில் காலியா, லோடா என்று ஒரு ஹேண்டிலைக் கையால் திருப்ப வேண்டும். வேகன் காலியாக இருக்கும்போது 22 டன் சொச்சம், நிரம்பினால் 80 டன்னைத் தாண்டும், இரண்டுக்கும் ஒரே பிரேக் எப்படிச் சரிப்படும்? ஹேண்டிலைத் திருப்ப மறந்தால் லோடு வண்டியில் பிரேக் போதாது, காலி வண்டியில் சக்கரம் சறுக்கித் தட்டையாகிவிடும். இப்போது வரும் போகி மவுண்டட் பிரேக் சிஸ்டத்தில் (பிரேக் சிலிண்டர் சக்கரங்களைத் தாங்கும் போகியிலேயே இருக்கும்) லோடு சென்சிங் டிவைஸ் தானே பார்த்துக்கொள்கிறது, காலியாக இருந்தால் சிலிண்டருக்கு 2.2 கிலோ அளவில் மட்டும் விடும், லோடு இருந்தால் 3.8. மனிதனின் ஞாபக மறதியை நம்பியிருந்த ஒரு இடம் போனது, ரொம்ப நல்லது. ரிக்கிங்கும் குறைந்துவிட்டது, அடியில் நீளமான கம்பிகள் இல்லை. ஆனால் சிலிண்டர் போகிக்குள் போய் ஒளிந்துகொண்டதால் டெஸ்ட் செய்யும்போது பிஸ்டன் வெளியே வருவதைக் கண்ணால் பார்த்துத் திருப்திப்பட முடிவதில்லை, பழைய ஆட்களுக்கு அது ஒரு குறைதான்.

திருட்டு. பழைய சாமான் கடையில் விலை போகும் என்று ஏர் பிரேக் சாமான்களைக் கழற்றிக்கொண்டு போகிறார்கள், அதைத் தடுக்கத்தான் ஆன்ட்டி பில்ஃபரேஜ் டிவைஸ் மாட்டுகிறோம். அது வேலை செய்கிறது, ஆனால் துருப்பிடித்த பிறகு திருடனோடு சேர்த்து எங்களையும் தடுக்கிறது. அரை மணி நேரம் அடித்துக்கொண்டிருப்போம்.

யாராவது வெளியே கொடுத்து டி.வி. ஓவரால் செய்து வாங்குகிறீர்கள் என்றால், நான் கேட்கும் கேள்விகள் இவைதான்: எந்தத் தேதி ரப்பர், பழைய ரப்பரைத் திருப்பிக் கொடுப்பீர்களா, பெஞ்ச் டெஸ்ட் தாளில் நேரங்களை வினாடியில் எழுதியிருக்கிறீர்களா அல்லது எல்லாவற்றுக்கும் 'ஓ.கே.' என்று ஒரு முத்திரையா. எல்லா வால்வுக்கும் ஒரே வினாடி எழுதியிருந்தால் யாரும் டெஸ்ட் செய்யவில்லை என்று அர்த்தம். வால்வுக்கு வால்வு ஓரிரு வினாடி மாறத்தான் செய்யும்.

அப்புறம், ஓவரால் முடித்த வால்வை அனுப்பும் விதம். இத்தனை வேலை பார்த்துவிட்டு, வாய் திறந்தபடியே லாரியில் போட்டு அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். எல்லாத் துளைக்கும் பிளாஸ்டிக் பிளக் போட வேண்டும், மாட்டும் நிமிடம் வரைக்கும் அதை எடுக்கக் கூடாது, மாட்டுகிறவர் பிளக்குகளைத் திருப்பி அனுப்ப வேண்டும். பிளக் தீர்ந்துவிட்டது என்று பனியன் துணியைச் சுருட்டி அடைக்காதீர்கள், அதில் பிரிந்த நூலை அப்ளிகேஷன் வால்வில் இருந்து இடுக்கி வைத்து எடுத்திருக்கிறேன். பாலிதீன் பையில் போட்டு வாயைக் கட்டிவிட்டால் போதும்.